படுக்கவைத்தவர் எழுப்பவில்லை

1

இதனால் சகலமானவர்களுக்கும் மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு அறிவிக்கப்படுவது யாதெனில்: மனித குலம் இதுவரை கண்டிராத ஓர் ஆன்மிக நெருக்கடி, ஒரு டயர் கடையின் மாடியில், இன்று காலை நிகழ்ந்துகொண்டிருக்கிறது. இருபது சொச்சம் பேர் மல்லாந்து கிடக்கிறார்கள். எழுப்ப வேண்டியவர் எழுப்பவில்லை. கதை எழுதுபவன் என்ற முறையில் நானாவது எழுப்பலாம். எப்படியென்று தெரியவில்லை.

இந்தக் கதை பிறந்த கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதுகு பிடித்துக்கொண்டதால் ஒரு யோகா வகுப்புக்குப் போனேன். கடைசியில் எல்லோரையும் பிணம்போலப் படுக்கச் சொன்னார்கள். இந்த ஒரு ஆசனத்தில் எனக்குப் பிறவி ஞானம். "மெதுவாக வலப்பக்கம் திரும்பி எழுந்திருங்கள்" என்று ஆசிரியர் சொல்ல வேண்டிய நேரத்தில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடிக்கும்வரை ஒருவரும் அசையவில்லை. நானும்தான். ஆயுசு முழுக்கச் சாமியார்களை நக்கலடித்தே வயிறு வளர்த்தவன், ஒரு மனிதர் இருமி முடிக்கட்டும் என்று கண்ணை மூடிக் காத்துக் கிடந்தேன். ஒருவேளை அவர் சொல்லாமலே போயிருந்தால்?

[இந்த இடத்தில் "அந்தக் கேள்வி என்னைத் துளைத்தது" என்று ஒரு வரி இருந்தது. துளைக்கவில்லை. பசித்தது. அடித்துவிட்டேன்.]

2

சில ஆரம்பங்கள்:

"கிழக்கு வெளுத்தபோது அந்தக் கூடத்தில் பிரபஞ்சத்தின் பேரமைதி" — வேண்டாம். கீழே டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஐயா ஒரு போலி." — இது கதையில்லை, செய்தி. அதுவும் ஆறிப்போன செய்தி.

"மாத்திரையக்கா கண்ணை மூடியிருந்தாள், ஆனால் காதை" — இது இருக்கட்டும். வாக்கியம் முடியவில்லை, ஆள் கிடைத்துவிட்டாள்.

மாத்திரையக்கா என்பது வகுப்பு அவளுக்கு வைத்த பெயர். மருந்துக்கடை வைத்திருக்கிறாள். கணவர் காலமான பிறகு கடைதான் வீடு; வீடு தூங்குகிற இடம். பகல் முழுக்க ஊரே வந்து அவளிடம் பேசும். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, தன் வயிற்றைப் பற்றி மட்டுமே பேசும். மூலம், தேமல், மூன்று நாளாகப் போகவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்ட வாய் கிடையாது. பொறுக்கமாட்டாமல் நாத்தனார்தான் இங்கே இழுத்து வந்தாள். சேர்ந்த புதிதில் ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டு மறுநாள் மாடியேறியபோது, விரிப்பை உதறிக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிக் கேட்டார்கள்: "நேத்து ஏன் வரல?"

அந்த ஒரு கேள்விக்காக அவள் தன் இடுப்பை எந்தத் திசைக்கும் திருப்பத் தயாராக இருந்தாள்.

அந்தக் கேள்வி நின்றுபோவதையும் அவள் பார்த்திருக்கிறாள். வகுப்பில் ஒரு பல் டாக்டர் இருந்தார். "கண்ணுக்குப் பயிற்சி சொல்லித் தர்றீங்க, நீங்க ஏன் ஐயா கண்ணாடி போட்டிருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டார். ஐயா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர் வராதபோது ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

3

இனி ஐயா. வகுப்பு நடத்துபவர். நல்ல உயரம், கணீர்க் குரல். புதிதாக யார் சேர்ந்தாலும் அவர்களுக்கு ஒரு பிரசங்கம் உண்டு. "எனக்குச் சர்க்கரை இருந்துச்சு. நானூறு. டாக்டரே கைய விரிச்சிட்டாரு. இப்ப ஒரு மாத்திர கிடையாது. மூச்சுதான் மருந்து."

மூச்சோடு, மாத்திரையக்கா கடையில் வாங்கும் சர்க்கரை மாத்திரையும்.

முதல் தடவை "எங்க அண்ணனுக்கு" என்றார்.* அவளும் அண்ணனுக்குத்தான் கொடுத்தாள். மாதாமாதம் காகித உறையில் மடித்து, விலையைக்கூட வாயால் சொல்லாமல். முந்தாநாள் மட்டும்தான் வாயைத் திறந்தாள். நேற்று மாலையிலிருந்து வகுப்பில் எல்லோருக்கும் விரதம். தண்ணீர் தவிர ஒன்றும் கூடாது என்பது ஐயாவின் கட்டளை.

"ஐயா, விரதத்தன்னிக்கு வெறும் வயித்துல இதப் போடவேணாம்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க. சர்க்கர ஒரேயடியா இறங்கிடும். ஆளையே சாய்ச்சிடும்."

"சொல்றேம்மா. அண்ணன் கேக்கணுமே."

(* ஐயாவுக்கு அண்ணன் கிடையாது. இரண்டாம் வரைவில் நிஜமாகவே ஓர் அண்ணனை உண்டாக்கிப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது. ஏற்கெனவே இருபது பேர் படுத்திருக்கும் கதை, தாங்காது. அண்ணனை எடுத்துவிட்டேன்.)

4

சரி, சம்பவம்.

புல்லாங்குழல் ஐயாவின் கைபேசியிலிருந்து வந்துகொண்டிருந்தது. காசு கட்டாத செயலி. இசை முடிந்ததும் ஒரு பெண்குரல் தேனொழுக, "உங்கள் கனவு இல்லம் இனித் தூரமில்லை" என்றது. இருபது பேரும் மூச்சை ஆழமாக இழுத்தார்கள். "குறைந்த வட்டியில்" என்று வந்த பிறகுதான் சிலர் இழுத்ததைப் பாதியில் விட்டார்கள். பிறகு அதுவும் நின்றது.

ஐயாவின் குரல் வரவில்லை.

"அண்ணி." இடப்பக்கத்து விரிப்பிலிருந்து நாத்தனார், உதட்டை அசைக்காமல்.

"ம்."

"முடிஞ்சிடுச்சா?"

"தெரியலையே."

"எனக்கு எறும்பு ஏறுது அண்ணி."

"விடு. அதுவும் ஒரு உயிர்தான்."

"எங்க ஏறுதுன்னு தெரிஞ்சா இப்படிப் பேசமாட்டீங்க."

வலப்பக்கத்திலிருந்து ஓர் அதட்டல் வந்தது. வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர், வகுப்புக்கு இன்னும் மேனேஜர் சார்தான். "அசையாதீங்கம்மா. சோதனை வைக்கிறாரு. ஒருதடவ எல்லாரையும் ஒத்தக் கால்ல நிக்கவச்சிட்டுக் காப்பி குடிக்கப் போகலையா? யாரு முதல்ல கால ஊன்றாங்கன்னு பாக்கத்தான்."

"ஊனினது நீங்கதானே சார்," என்றாள் நாத்தனார்.

"வழுக்கிடுச்சும்மா. அது வேற கணக்கு."

மாத்திரையக்கா ஒரு கண்ணை மட்டும் மயிரிழை அளவுக்குத் திறந்தாள். மேடையில் ஐயா சம்மணமிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தார். தாடை மார்பில் இறங்கியிருந்தது. தியானமாக இருக்கலாம். தூக்கமாக இருக்கலாம். அல்லது அந்த 'அண்ணன்' அவள் சொன்னதைக் கேட்காமல் மாத்திரையை

5

மேலே நின்றுபோனது என் கோளாறு. இந்த இடத்தில் மூன்று முடிவுகள் என் மேசைமேல் கிடக்கின்றன.

அ. தூங்கிவிட்டார். குறட்டை கிளம்புகிறது. கீழே கிடப்பவர்கள் அதை ஓங்காரம் என்று எடுத்துக்கொண்டு உருகுகிறார்கள். வாசகர் சிரிப்பார். நான் வருஷக்கணக்காக வாங்கித் தந்துகொண்டிருக்கும் அதே சிரிப்பு.

ஆ. சோதனைதான். மாத்திரையக்கா எழுகிறாள், ஐயா கண் திறந்து, "நீ மட்டுமே விழித்தாய்" என்கிறார். இதை ஐயாவே எழுதியிருக்கலாம். இதைவிட நன்றாகவும் எழுதியிருப்பார்.

இ. வெறும் வயிற்றில் மாத்திரை. உண்மையைச் சொன்னால் எனக்கு வேண்டியிருந்தது இதுதான். "சர்க்கரையை மூச்சால் விரட்டியவர் சர்க்கரை இல்லாமல் சரிந்தார்" என்று கடைசி வரிகூடத் தயார். எழுதிவிட்டு எழுந்துபோய்க் கண்ணாடி பார்த்துவிட்டு வந்தேன்.

ஆனால் மாத்திரையக்கா ஒத்துழைக்கவில்லை. ஐயாவின் குட்டு உடைவதில் அவளுக்கு ஒரு துளி மகிழ்ச்சியும் இல்லை. அவர் போலியா அசலா என்று நான்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறேன். அவருடைய மூச்சுப் பயிற்சியால் அவளுக்கு ராத்திரியில் தூக்கம் வருகிறது. அவருக்கு அவளுடைய மாத்திரையால் சர்க்கரை இறங்குகிறது. இதில் முரண்பாடு எங்கே என்று அவள் என்னையே கேட்பாள் போலிருக்கிறது. அவளுடைய பயமெல்லாம் வேறு. எழுந்துபோய்ச் சர்க்கரை என்று வாயைத் திறந்து, அவர் சும்மா தூங்கிக்கொண்டிருந்தால், பாதுகாத்த ரகசியம் போச்சு. பல் டாக்டருக்கு ஆனதுதான் அவளுக்கும். வாயை மூடிப் படுத்தே கிடந்து, அவர் தூங்காமல் இருந்தால்

(இது என் கோளாறு இல்லை. அவள்தான் இதற்குமேல் யோசிக்க மறுக்கிறாள்.)

6

எழுந்தாள். வலப்பக்கம் திரும்பவில்லை. மெதுவாகவும் இல்லை. அடுப்பில் ஏதோ தீய்கிற வாடை வந்தவளைப்போல வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எங்க அண்ணி?"

"தோத்துட்டீங்கம்மா," என்றார் மேனேஜர் சார், கண்ணைத் திறக்காமல், வருத்தத்தோடு.

மேடையேறி ஐயாவின் நெற்றியைத் தொட்டாள். தொட்ட இடத்தில் நான் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேர்வை இருந்தால் சர்க்கரை இறங்கியிருக்கிறது, இல்லாவிட்டால் தூக்கம். கடைசியில் ஈரம் என்றே எழுதினேன். எழுதிய பிறகுதான், படுக்கச் சொல்லும்போது மின்விசிறிகளை அவர் அணைத்துவிடுவார் என்பது நினைவுக்கு வந்தது. அந்தக் கூடத்தில் எல்லோர் நெற்றியும் ஈரம்தான்.

"ஐயா."

"ம்ம்."

தூங்குகிறவனும் இதைத்தான் சொல்வான். தியானத்தில் இருப்பவனும். மயங்கிக்கொண்டிருப்பவனும்.

மாத்திரையக்கா கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். ஐயா யாருக்கும் தெரியாதபடி, முதுகால் மறைத்து நின்றாள்.

"யார்கிட்டயாவது இனிப்பு இருக்கா?"

விரத நாள். ஒருவரும் மூச்சுவிடவில்லை. பயிற்சி வீண்போகவில்லை.

"எனக்குத்தான். எனக்குத் தல சுத்துது. விரதம் தாங்கல. சீக்கிரம்."

(இந்த வரி என் எந்த வரைவிலும் இல்லை. நான் அவளுக்கு எழுதி வைத்திருந்தது, "ஐயாவுக்குச் சர்க்கரை நோய்" என்பது. இருபது பேர் முன்னால், கணீரென்று.)

முதலில் ஒரு ஜிப் திறக்கும் ஓசை. மேனேஜர் சார் தன் பையிலிருந்து உறிஞ்சுகுழல் ஒட்டிய ஒரு ஜூஸ் பாக்கெட்டை எடுத்தார். "வண்டி ஓட்றப்ப எதாவது ஆச்சுன்னா… ஒரு பாதுகாப்புக்கு." அப்புறம் இன்னொரு ஜிப். பிறகு கூடம் முழுக்க ஜிப். மிட்டாய் வந்தது, சாக்லேட் வந்தது, பேரீச்சம்பழம் வந்தது. நாத்தனார் பாதி பிஸ்கட் பாக்கெட்டை நீட்டி, "இது போன வாரத்துப் பை அண்ணி" என்றாள். பிஸ்கட் துணுக்கு உதட்டோரத்திலேயே இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் இனிப்போடு நின்றார்கள்.

மாத்திரையக்கா ஜூஸை வாங்கிக்கொண்டு கூடத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். குழலை ஐயாவின் உதட்டில் வைத்து, "உறிஞ்சுங்க. கொஞ்சங்கொஞ்சமா. அண்ணனுக்குன்னு நினைச்சுக்கிட்டு" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. உறிஞ்சினார். தொண்டை ஏறி இறங்கியது. அவர் கையில் நடுக்கம் இருந்ததா என்று பார்க்க நான் மறந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார். அவளைப் பார்த்தார். ஜூஸைப் பார்த்தார். அவள் தோளுக்குமேல் எட்டி, இருபது பேரையும் அவர்கள் கையில் இருந்ததையும் பார்த்தார். பிறகு ஜூஸை வாங்கித் தொடைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அந்தக் கணீர்க் குரல், சற்றே கரகரத்து, வந்தது:

"விரதத்த முறிச்சவங்கள நாம வெறுக்கக் கூடாது. உடம்பு பலவீனமானது. மன்னிக்கிறதும் யோகம்தான். எல்லாரும் படுங்க. மெதுவா வலப்பக்கம் திரும்பி எந்திரிங்க."

நின்றுகொண்டிருந்த இருபது பேரும், முறைப்படி எழுந்திருப்பதற்காக மறுபடி படுத்தார்கள். "நான் அப்பவே சொன்னேன், சோதனைன்னு," என்றார் மேனேஜர் சார், படுத்தபடி. அவர் குரலில் கண்ணீர் இருந்தது.

7

இப்போது நிற்பது மாத்திரையக்கா மட்டும்தான். நாத்தனார் தரையிலிருந்து கையை நீட்டிப் பக்கத்து விரிப்பைத் தட்டுகிறாள். "வாங்க அண்ணி. அதான் மன்னிச்சிட்டாருல்ல. நாளைக்கு யாரும் ஞாபகம் வச்சிருக்கமாட்டாங்க."

படுத்தால், செய்யாத தப்புக்கு மன்னிக்கப்பட்டவளாக இங்கேயே இருக்கலாம். நாளை வராவிட்டால் கேட்பார்கள். நாலடி நடந்து கதவைத் திறந்தால் மாடிப்படி, டயர் கடை, தெரு. அங்கே அவளை எல்லோருக்கும் தெரியும், கடை மேசை வரைக்கும். அல்லது வாயைத் திறக்கலாம். ஒரு சொல் போதும். அதையும் நான் அவளுக்கு எழுதிக் கொடுத்துப் பார்த்தேன், வாங்கிக்கொள்ளவில்லை.

இவ்வளவு தூரம் வந்த பிறகும் அவர் தூங்கினாரா சரிந்தாரா என்று எனக்குத் தெரியாது. அவள் காப்பாற்றியது ஓர் உயிரையா, கலைத்தது வெறும் தூக்கத்தையா என்று அவளுக்கும் தெரியாது. நக்கலடிக்கத்தான் வந்தேன், இப்போது யாரை என்று பிடிபடவில்லை. ஆகவே வாசகரே, மாத்திரையக்கா படுப்பாளா, போவாளா, பேசுவாளா என்பதை உங்களிடமே விடுகிறேன். பெருந்தன்மை என்று எண்ண வேண்டாம், கையாலாகவில்லை.

ஐயா ஜூஸைத் திருப்பித் தரவில்லை.