போர்வைக்குள் சூப்

கேஸ் விலை ஏறியதிலிருந்து யந்தினா பட்டாணி சூப்பை ஒரு கொதி விட்டு இறக்கி, பானையைச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலில் வைத்துவிடுவாள். மீதி வேக்காட்டை, சூடு போகாமல் மூடிவைக்கும் இறகுப் போர்வை பார்த்துக்கொள்ளும். கணவர் ரைண்டரின் பிறந்தநாளன்றும் அப்படித்தான் செய்தாள். வருகிறவர்கள் கோட்டைக் கழற்றிக் கட்டிலில் போடுவார்கள் என்பது, நாத்தனார் ஃபென்னா படுக்கையறைக்குள் நுழைந்த பிறகே நினைவுக்கு வந்தது. கைச்செலவுக்கு இழுபறி என்று தெரிந்தால், வீட்டை விற்றுவிட்டு நகரத்துக்கு வரச்சொல்லி மறுபடி ஆரம்பித்துவிடுவாள்.

"யாருடா இது, படுத்திருக்கறது?"

"ராத்திரி சாப்பாடு, அக்கா," என்றார் ரைண்டர். "பசிச்சா எழுப்பிக்கலாம்."

யந்தினா அவரை முறைத்தாள். ஃபென்னா போர்வையை விலக்கிப் பானையைத் தொட்டுப் பார்த்தாள்.

"வீட்டை விக்கச் சொல்லப் போறீங்க, அதானே?" என்றாள் யந்தினா.

"நான் எதுக்குச் சொல்றேன்? ஒரே ஒரு போர்வை போட்டா பட்டாணி எப்படிம்மா வேகும்? இந்தா, என் கோட்டையும் மேல போடு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் கட்டில்ல காலையிலேர்ந்து பீன்ஸ் தூங்குது. நகரத்துல மட்டும் கேஸ் சும்மாவா குடுக்கறான்?"

ரைண்டர் தன் கோட்டையும் எடுத்துவரப் போனார்.