பாதி அகலம்

“ரெண்டு மூலக்கூறு முட்டிக்கிட்டா யாருப்பா மொதல்ல மன்னிப்பு கேக்கணும்?”

சாப்பாட்டு மேசையில் மகள் ஒருமுறை இப்படிக் கேட்டபோது, கணக்குக்காரரும் அவர் மனைவியின் அண்ணனும் புரையேறச் சிரித்தார்கள். இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை. வாயுவின் வழியே ஒளியை அனுப்பினால் நிறமாலையில் மெல்லிய கோடுகள் விழும். மூலக்கூறுகள் முட்டி மோதும்போது அந்தக் கோடுகள் தடித்துப்போகும். எவ்வளவு தடிக்கிறது என்று மைத்துனர் கண்ணாடிக் குழாயில் அளப்பார். இவர் குவாண்டம் விதிகளைக் கொண்டு கணினியில் கணக்கிடுவார்.

அந்தச் சிரிப்பெல்லாம் இன்று காலைக் கூட்டத்தோடு போயிற்று.

“அளந்தது கணக்கைவிட ரெண்டு மடங்கு வருதுங்க. குழாயில வெளிக்காத்து புகுந்திருக்கு” என்று கணக்குக்காரர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். இயக்குநர் மாலைக்குள் மைத்துனரின் அறையைப் பூட்டச் சொன்னார். மைத்துனருக்குத் தலை நரைத்ததே அந்த அறையில்தான்.

சாமான்களை எடுத்துவைக்க ஒரு கை கொடுக்கலாமென்று கணக்குக்காரர் போனார். நல்ல எண்ணம்தான்; நேரம்தான் கெட்ட நேரம்.

“வாங்க மாப்பிள்ளை! கழுத்தை அறுத்துட்டு, கட்டுப்போடவும் நீங்களே வந்துட்டீங்களா?”

“உள்ளதைத்தானே மச்சான் சொன்னேன்?”

முதல் குத்து கணக்குக்காரரின் மூக்கில் விழுந்தது. எலும்பு நொறுங்கியது அவர் காதுக்கே கேட்டது. எறும்பைக்கூட மிதிக்காமல் பார்த்து நடக்கிறவர், கைக்குக் கிடைத்த ஸ்பேனரை எடுத்து வீசினார். அது மைத்துனரின் காதைக் கிழித்துக்கொண்டு போய்க் குழாயில் பட்டது. கண்ணாடி வெடித்துச் சிதறியது.

“என் குழாய்டா!”

மைத்துனர் பாய்ந்து அவர் தொண்டையைப் பிடித்தார். தலையைச் சுவரில் மோதினார். மறுபடியும் மோதினார். இவர் அந்தக் கையைக் கடித்தார். வாயெல்லாம் ரத்தம், யாருடையதென்று தெரியவில்லை. கட்டிப் புரண்டதில், சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்த சங்கிலி அறுந்து, வாயு சிலிண்டர் கணக்குக்காரரின் தலைக்கு நேராகச் சாய்ந்தது.

மைத்துனர் குறுக்கே தோளைக் கொடுத்தார்.

‘மடக்’கென்று ஒரு சத்தம். தோளை முறித்துவிட்டு சிலிண்டர் தரையில் உருண்டது.

“செத்துகித்துத் தொலைச்சிராதீங்க மாப்பிள்ளை. தங்கச்சிக்கு என்னால பதில் சொல்ல முடியாது” என்று முனகியபடியே மைத்துனர் மயங்கினார்.

காவலாளிகள் ஓடிவந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். “வண்டி திரும்பி வரும் சார், உக்காருங்க” என்று சொல்லிவிட்டுப் போனதில் கணக்குக்காரர் தனியானார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவரின் காலடியில் மைத்துனரின் வரைபடம் ஒன்று கிடந்தது. தடித்த கோட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் பென்சிலால் ஓர் அம்புக்குறி.

அவர் அந்த அம்பின் மேல் விரலை ஓட்டினார். அவருடைய கணக்கு கோட்டின் நடுவிலிருந்து ஒரு ஓரம் வரைக்கும்தான். பாதி அகலத்தைக் கொண்டுபோய் முழு அகலத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்! இரண்டு மடங்கு வராமல் வேறென்ன வரும்? குழாயில் ஒரு பொத்தலும் இருந்திருக்கவில்லை.

வீங்காத ஒற்றைக் கண்ணால் பார்த்து, அங்கிருந்த கணினியிலேயே இயக்குநருக்குத் தட்டினார். ‘அளந்தது சரி. தவறு என் கணக்கில். அறையைப் பூட்ட வேண்டாம். முதலில் யார் அடித்தது என்று விசாரணை வந்தால், கூட்டத்தில் நாக்கால் அடித்தவன் நான்.’

அனுப்பிவிட்டு மண்டியிட்டார். மைத்துனருக்கு அந்த அறையில் செருப்பில்லாமல் நடக்கிற வழக்கம். மூக்கிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட, கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார்.