ஞாயிற்றுக்கிழமை மூச்சு

ஆவுடையப்பனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நோயும் இருக்காது. அவன் குடியைக் கெடுத்ததே அதுதான்.

இராஜபாளையத்தில் அவன் வேலை பார்த்த நூல் மில்லுக்கு ஞாயிறு வார லீவு. அன்று காலையில் தலைக்குக் குளித்து, தானே போய்க் கறி வாங்கி, டீக்கடையில் நின்று ஊர்வம்பெல்லாம் பேசிவிட்டு வருவான். திங்கட்கிழமை பஞ்சைச் சீவுகிற கார்டிங் மிஷின் முன்னால் நாலு மணி நேரம் நின்றால் போதும், அந்தத் தெம்பெல்லாம் போய்விடும். பஞ்சுத் தூசி இமை வரைக்கும் அப்பியிருக்க, நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியது போல வரும். ஷிப்டு முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு, கண்ட இடத்தில் எல்லாம் நின்று நின்று வீடு வந்து சேருவான். வாரக் கடைசிக்குள் கொஞ்சம் தணியும். ஞாயிறு வந்தால் மறுபடியும் புது மாப்பிள்ளை.

அவன் மனைவி சண்முகத்தாய் பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டுகிறவள். அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மில் காம்பவுண்டுக்குள் வேப்பமரங்களும் பூச்செடிகளும் உண்டு. அவற்றுக்குத் தண்ணீர் விடும் வேலைக்குப் புருஷனை மாற்றிவிட வேண்டும். மில்லின் வெல்பேர் ஆபீசர் தனுஷ்கோடியிடம் நடையாய் நடந்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார் அவர்.

அந்தச் சமயத்தில்தான், தொண்ணூற்றொன்றில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்காரர்கள் மூச்சு நோய்க்கென்று தனியாக ஒரு டீம் வைத்தார்கள். மருந்து கொடுக்க ஒரு டாக்டர். பம்பு மருந்தை எப்படி உறிஞ்ச வேண்டும் என்று சொல்லித்தர கிருபாபாய் சிஸ்டர். மூச்சுப் பயிற்சிக்கு ஞானதுரை சார். மில்லின் சார்பில் தனுஷ்கோடி. வீட்டு ஆளும் டீமில் சேர்த்திதான் என்று டாக்டர் சொன்னபோது சண்முகத்தாய்க்குப் பெருமை பிடிபடவில்லை. மூச்சு முட்டுகிற ஆட்களைக் கூட்டிப்போக மில்லே வேன் கொடுத்தது. வேலை நாளில் ஆளை விட்டால் புரொடக்‌ஷன் கெடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கொடுத்தது.

முதல் நாள் டாக்டர் பீடியை விடச் சொன்னார். பீடியைத் தொட்டதே இல்லை என்றான் ஆவுடையப்பன். அப்படியானால் வீட்டில் விறகடுப்பா என்று கேட்டார்.

“அடுப்பு என்ன சார் செஞ்சது? ஊதுறவ நானு. எனக்கு ஒண்ணும் இல்லையே. எல்லாம் மில்லுத் தூசிதான்” என்றாள் சண்முகத்தாய்.

டாக்டர் வெல்பேர் ஆபீசரைப் பார்த்தார். வெல்பேர் ஆபீசர் ஜன்னலைப் பார்த்தார்.

அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. சிஸ்டர் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். ஞானதுரை சார் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குழாய் வைத்து ஊதச் சொல்லுவார். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் குழல். மூச்சை இழுத்து வேகமாக ஊதினால் அதில் முள் ஏறும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு தெம்பு. அது கடைசியில் திருவிழாப் போட்டி மாதிரி ஆகிவிட்டது. மில்லில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காத இரைச்சலில் நாளெல்லாம் நிற்கிற ஆட்கள் அங்கே வட்டம் கட்டி நின்று, “ஊது, ஊது” என்று கத்துவார்கள். ஆவுடையப்பன்தான் எப்போதும் முதல்.

“திங்கக்கிழமை ஊதச் சொல்லிப் பாருங்க சார், அப்பத் தெரியும்” என்று சண்முகத்தாய் வாய் வலிக்கச் சொன்னாள். டீம் கூடுவது ஞாயிற்றுக்கிழமைதான் என்றார்கள். அவளும் விடவில்லை. ஒரு திங்கட்கிழமை ஷிப்டு முடிந்ததும் அவனை டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனாள். டாக்டர் இல்லை. கிருபாபாய் மட்டும் இருந்தாள். அவன் ஊதினான். முள் பாதிகூட ஏறவில்லை. சிஸ்டரின் முகம் கறுத்துப்போயிற்று.

அடுத்த ஞாயிறு சிஸ்டர் அதை டீமில் சொன்னாள். தனுஷ்கோடி சிரித்தார்.

“ஒரு நாளு ஊதினது ஒரு கணக்கா சிஸ்டர்? பஸ்ஸுல நின்னுக்கிட்டு வந்த அசதியா இருக்கும். வாற மாசம் எல்லாருக்கும் ஒண்ணா டெஸ்ட் வைப்போம். அதுல முள்ளு ஏறலைன்னா டீமே எழுதிக் குடுக்கட்டும். மரத்துக்குத் தண்ணி விட மாத்திருதேன். ஏறுச்சுன்னா பொறவு கார்டிங்கை மாத்துற பேச்சே கூடாது. சரியாம்மா?”

டெஸ்டும் ஞாயிற்றுக்கிழமைதான். ஜெயிக்கிறவனுக்கு மில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி பரிசு கொடுக்கும் என்றும் சொன்னார்.

அந்த மாதம் முழுக்கச் சண்முகத்தாய் வீட்டில் பாடம் நடத்தினாள். “இந்தாருங்க, முக்கா மூச்சை உள்ளயே வச்சுக்கிடுங்க. செத்த நேரம் இருமிட்டு லேசா ஊதுங்க. முள்ளு ஏறக் கூடாது.” அவனும் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். வேனில் போகும்போதுகூட அவன் தொடையைக் கிள்ளி ஞாபகப்படுத்தினாள்.

ஒவ்வொருவரும் மூன்று தடவை ஊத வேண்டும். நல்லதை எடுத்துக்கொள்வார்கள். பால்சாமி என்கிற, நூல் சுற்றும் ரீலிங் ஆள் முன்னால் ஊதி முள்ளை நன்றாகவே ஏற்றியிருந்தான். ஆவுடையப்பன் இருமினான். லேசாக ஊதினான். முள் கீழேயே கிடந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. சண்முகத்தாய்க்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

“என்ன மச்சான், கார்டிங்காரன் காத்தெல்லாம் இறங்கிப்போச்சா?” என்றான் பால்சாமி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஞானதுரை சாருக்கு முகமே செத்துவிட்டது. “நான் சொல்லிக்கொடுத்ததுக்கு இதுதானா ஆவுடையப்பன்? என் மானத்தை வாங்கிட்டீங்களே” என்றார். விவரம் தெரிந்த கிருபாபாய் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். யாரோ “ஊது” என்று ஆரம்பித்தார்கள். கூட்டம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. “ஊது, ஊது!”

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவன் குழலை வாயில் வைத்தான். நெஞ்சு விரிந்தது. அது விரிந்ததைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

முள் போய் உச்சியில் நின்றது. கூரையே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். ஆவுடையப்பன் சின்னப்பிள்ளை போலச் சிரித்தான். கல்யாணமான புதிதில் சிரித்தானே, அதே சிரிப்பு. பாழாய்ப்போன மனசு, அந்த ஒரு நிமிஷம் அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. குனிந்து பார்த்தால் அவள் கைகளும் தட்டிக்கொண்டிருந்தன.

“இது நம்ம டீமுக்குக் கிடைச்ச வெற்றி” என்று தனுஷ்கோடி தூக்குவாளியை நீட்டினார். டாக்டர் வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பொரிந்து தள்ளினாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “ஏட்டி, அம்புட்டுப் பேரு முன்னால சாகப்போறவன் மாதிரி நிக்கச் சொல்லுதியா?”

“சாகத்தான் போறீய” என்றாள். சொன்ன வாயை அப்புறம் எத்தனையோ தடவை அடித்துக்கொண்டாள்.

இரண்டு வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமையும் அவனைக் கைவிட்டது. அதற்குள் வேனும் நின்றுவிட்டது, டீமும் கலைந்துவிட்டது. ஞானதுரை சார் மதுரைக்குப் போய்விட்டார். டாக்டர், வேலையை மாற்றுவது மில் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்றார். தனுஷ்கோடி, தகுதி என்று எழுதியது டாக்டர் என்றார். கிருபாபாய் அழுதாள். ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டிவிட்டுப் போனார்களே தவிர, ஒரு மூச்சுக்கு ஒருவரும் பொறுப்பில்லை. அந்த ஐப்பசி மழையில், சாய்ந்து உட்காரத் தலையணைகளை அடுக்கி வைத்தும், மூச்சு எட்டாமல் அவன் போய்ச் சேர்ந்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தனுஷ்கோடி வந்தார். செத்தவன் வேலை வாரிசுக்கு உண்டு. மகள் அழகுத்தாய் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

“வேணும்னா நீயே வாம்மா. மிக்சிங்ல பஞ்சு பிரிக்கிற வேலை இருக்கு” என்றார்.

பஞ்சு பிரிக்கிற இடத்தில் தூசி கார்டிங்கைவிடக் குறைவில்லை. அது அவளுக்குத் தெரியாததல்ல. பேண்டேஜ் சுருட்டுகிற கூலியில் மகளைப் படிக்கவைக்க முடியாது என்பதும் தெரியும். சரி என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மில் டிஸ்பென்சரிக்கு வரச் சொன்னார்கள். மேஜை மேல் அதே பிளாஸ்டிக் குழல் இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் போகும்போது மில்லுக்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“நல்லா ஊதும்மா. முள்ளு ஏறலைன்னா வேலை கிடையாது, சொல்லிட்டேன்” என்றார் தனுஷ்கோடி.

சண்முகத்தாய் நிமிர்ந்து நின்றாள். உதட்டை இறுக்கி, குழலை வாயில் வைத்து, நெஞ்சு நிறைய இழுத்து ஊதினாள். வைத்திருந்த மூச்சில் கொஞ்சத்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

“அடேயப்பா, புருசனுக்கு ஏத்த ஆளுதான்” என்றார் அவர்.

மறுநாள் திங்கட்கிழமை. அந்தப் பரிசுத் தூக்குவாளியில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு, முதல் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று அவள் வேகமாக நடந்தாள்.