ஏலம் போன சாமான்கள்

பேக்கரிக்காரரின் சாப்பாட்டு மேஜை, நீதிமன்ற ஏலத்தில் விலைபோன மறுநாள் காலை தானே நடந்து வீடு திரும்பியது. அதை வாங்கிய மருந்துக் கடைக்காரரின் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். அவ்வளவு தூரம் வந்ததில் ஒரு காலின் நுனி தேய்ந்திருந்தது. மற்றபடி சேதம் இல்லை. குப்பை கொட்டக் கதவைத் திறந்த மனைவிதான் முதலில் பார்த்தாள்.

“ஏங்க, மேஜை வந்திருக்கு.”

“எந்த மேஜை?”

“எந்த மேஜையா? நம்ம மேஜைதான். உள்ள விடவா?”

தரையில் விரித்த மெத்தையிலிருந்து எழுந்து ஓடிவந்த பேக்கரிக்காரர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. கண்ணாடித் தொழிற்சாலை மூடிய பிறகு ஊரில் முழு ரொட்டி வாங்குகிறவர்கள் பாதி ரொட்டிக்கு இறங்கி, பாதி வாங்கியவர்கள் நேற்றைய ரொட்டி இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அவரும் எவ்வளவோ இழுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தார். புதிய திவால் சட்டத்தின்படி துணிமணி, மெத்தை, சமையல் பாத்திரம், மகளின் பள்ளிப் புத்தகம் தவிர மற்றதெல்லாம் ஏலத்துக்குப் போயின. மூன்று வருடம் ஒழுங்காக இருந்தால் மீதிக் கடனிலிருந்து விடுதலை. இடையில் ஏலம் போன பொருள் ஒன்று வீட்டுக்குள் இருந்தால் விடுதலை ரத்து, மேற்கொண்டு சிறை. “கையை விரிச்சவனுக்குச் சட்டம் தலையைத் தடவிக் குடுக்குது, அப்புறம் யாரு ஒழுங்கா கட்டுவான்?” என்று முடிதிருத்தும் கடையில் பேசிக்கொண்டார்கள். தவணை பாக்கி வைத்திருந்தவர்கள்தான் அதைச் சற்று உரக்கச் சொன்னார்கள்.

ஜப்தி வேலை பார்க்கும் நீதிமன்ற அமீனா வண்டி பிடித்து மேஜையைத் திருப்பிக் கொண்டுபோனார். அது மறுபடி வந்தது. மருந்துக் கடைக்காரர் ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுக் கட்டியபோது சங்கிலியையும் கம்பியையும் இழுத்துக்கொண்டு வந்தது. அந்த வாரமே நாற்காலிகள் வந்தன. பிறகு கட்டில், துணி அலமாரி, மழைக்காலத் தொடக்கத்தில் மாவு பிசையும் மெஷின். பக்கத்து ஊர் பேக்கரிக்கு விலைபோன அடுப்பு, கனமான இரும்புச் சாமான் என்பதால், கடைசியில் மூச்சு வாங்கியபடி வந்து சேர்ந்தது. அடுப்புக்குள் அந்தக் கடையின் பன்கள் பாதி வெந்து கிடந்தன. அவற்றை அமீனா மூலம் ஒழுங்காகத் திருப்பி அனுப்பினார்கள். சாமான்கள் எதுவும் கதவை இடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. சுவரோரமாக நின்று காத்திருந்தன.

வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். நீதிபதி களைத்த மனிதர். அந்த வருடம் வந்த வழக்குகளில் பாதி திவால் வழக்குகள்.

“நீங்க கூப்பிட்டீங்களா?”

“இல்லைங்க ஐயா. நான் கதவையே திறக்கலை.”

“பின்ன எதுக்கு வருதுங்க?”

“தெரியலைங்க. வேற போக்கிடம் தெரியாதோ என்னவோ.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சட்டத்தில் இதற்குப் பிரிவு இல்லை. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும், சாமான்கள் தெருவிலேயே நிற்கவும், பேக்கரிக்காரர் அவற்றைத் தொடாமல் இருக்கவும் உத்தரவு போட்டார். அன்று முதல், கடை போனபின் சேர்ந்த கிடங்கு வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பேக்கரிக்காரர் சட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மூச்சை உள்ளிழுத்து, பக்கவாட்டில் நடந்து அவற்றைக் கடந்தார். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து அமீனா சில நாள் கண்காணித்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்ததால் பிறகு வருவதை விட்டுவிட்டார்.

மழை வலுத்தது. கட்டிலின் மரம் ஊறி உப்பியது. தரையில் படுத்துப் படுத்து மனைவிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு மாதம் ஜன்னல் வழியாகக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், மழை விட்ட ஒரு மதியம் தலையணையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

“எங்க போற?”

“படுக்க. சாமான் உள்ள வரக்கூடாதுன்னுதான சொன்னாங்க? நான் வெளிய போகக்கூடாதுன்னு சொன்னாங்களா?”

“உத்தரவு…”

“உத்தரவு உங்களுக்கு. எனக்கு முதுகுவலி.”

கட்டில் அவள் படுத்ததும் ஒரு பெருமூச்சு விட்டதைப் பக்கத்து வீட்டார் கேட்டிருக்கிறார்கள். அடுத்து மகள் பாடம் எழுத மேஜைக்குப் போனாள். தார்ப்பாய் ஒன்று கட்டப்பட்டது. சாப்பாட்டு நேரத்தில் அம்மாவும் மகளும் தெருவில் மேஜைமுன் உட்கார, பேக்கரிக்காரர் நிலைப்படிக்கு உள்ளே தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். குழம்பு வேண்டுமென்றால் மகள் எழுந்து வந்து ஊற்றிவிட்டுப் போனாள்.

மனைவி அடுப்பைப் பற்றவைத்தது இரண்டாம் வருடத்தில். இருபது வருடம் கல்லாவில் உட்கார்ந்திருந்தவளுக்கு ரொட்டி சுடத் தெரியாது. “தண்ணி போதாது, இன்னும் இளகணும்,” என்று அவர் உள்ளிருந்து குரல் கொடுத்தார். கடன் கொடுத்தவர்களின் வக்கீல் இதைக் கேள்விப்பட்டு, இவர் வாயாலேயே தொழில் நடத்துகிறார் என்று மனுப் போட, ரொட்டியைப் பற்றிப் பேசவும் தடை வந்தது. அதற்குப் பிறகு தினமும் விடியற்காலையில் அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்து, ரொட்டி கருகும் வாசனையை முகர்ந்துகொண்டு சும்மா இருந்தார். ஒரு தடவை அழுதார் என்று மகள் சொல்கிறாள். மனைவி எட்டு மாதம் கருக்கினாள். பிறகு கருகாமல் வந்தது. அவருடைய ரொட்டி அல்ல அது. கொஞ்சம் கனம், உப்பும் கூடுதல். ஆனாலும் விற்றது.

இதற்குள் பக்கத்துத் தெருவில் தச்சர் ஒருவர் நோட்டீஸ் கொடுத்தார். அவருடைய இழைப்பு மேடை ஏலம் போன மூன்றாம் நாள் வந்துவிட்டது. அச்சகக்காரர், தனியாக இருந்த டீச்சர், கடைசியில் முடிதிருத்தும் கடைக்காரரும். அவருடைய சுழல் நாற்காலி சுற்றிச் சுற்றி வந்ததால் வழி தவறி இரண்டு நாள் தாமதமானது. சட்டத்தைப் பற்றி உரக்கப் பேசுவது குறைந்தது. நகராட்சி அந்தத் தெருக்களில் பேருந்தை நிறுத்தி, மழைக்குக் கூரை போடுவதா வேண்டாமா என்று இன்றுவரை விவாதித்துக்கொண்டிருக்கிறது.

மூன்று வருடம் முடிந்த காலை அமீனாவே விடுதலை உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போனார். மகள் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து வைத்தாள். சாமான்கள் அசையவில்லை. அவற்றுக்குத் தெரு பழகிவிட்டது. பேக்கரிக்காரர் தட்டும் கையுமாக நிலைப்படியிலேயே நின்றார்.

“இன்னும் என்ன? வாங்க, ஆறிடப் போகுது,” என்றாள் மனைவி.

அவர் இறங்கி வந்தார், பழக்கத்தில் சட்டையைச் சுருட்டிப் பிடித்தபடி. காலியாக இருந்த நாற்காலி தானாகச் சற்றுப் பின்னால் நகர்ந்து இடம் கொடுத்தது. அவர் உட்கார்ந்தார். உப்பு அதிகம் என்று சொன்னார். மனைவி, அப்படித்தான் இருக்கும் என்றாள்.