நடுவில் உருண்டை இல்லாத சனி

1

இந்தக் கதை ஒரு தவறான வளையத்திலிருந்து கிடைத்தது. நான் குடியேறிய இந்த வெளிநாட்டுச் சிற்றூரின் வானியல் சங்கம் பள்ளி விடுமுறையில், கால்பந்துத் திடலில், பொதுமக்களுக்கு வானம் காட்டும். அந்த மாலை பாதி ஊர் சனிக்கிரகத்தின் வளையம் என்று நம்பி வேறு எதையோ பார்த்துவிட்டு, திருப்தியாக, ரொட்டியில் மடித்துத் தரும் சாசேஜ் இறைச்சியைத் தின்னப் போனது. நானும் வரிசையில் நின்றேன். அதனால் எழுதும் உரிமை எனக்கு வந்துவிடாது. வேறு யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

முதல் தொடக்கம்: "வானம் அன்று மிகத் தெளிவாக—"

அடித்துவிட்டேன். எங்கள் பக்கம் மழையைப் பார்த்தே பல மாதம் ஆகிறது. தெளிவாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

இரண்டாம் தொடக்கம்: "நட்சத்திரங்களை உயிராக நேசித்த மெர்வின்—"

இதுவும் பொய். மெர்வின் நேசித்தது வரிசையை. ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். ஜனங்கள் ஏறி இறங்க வேண்டும் அவருக்கு. சங்கத்தின் பெரிய தொலைநோக்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஏணி உண்டு. பல வருடங்களாக அதனருகில் நின்று, "அடுத்தாளு, ஏறுங்க" என்று சொல்பவர் அவர்தான்.

2

ஒரு வரைவில் மெர்வினை மனைவியை இழந்தவராக்கினேன். (வாசகரை அழவைக்க எளிய வழி.) பிறகு நொலீனை நினைத்துக்கொண்டேன். திடலின் ஓரத்தில் வெங்காயம் வதக்கியபடி கணவனைத் திட்டிக்கொண்டிருக்கும் ஒருத்தியை எப்படிச் சாகடிப்பது? அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

உண்மையான சிக்கல் வேறு. மெர்வினுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். சங்கத் தலைவி கிளெனிஸ் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு ஒழுங்கா நடந்தா ஏணி ஒன்னோடது, மெர்வ். சொதப்பினா அடுத்த வருஷம் தானாத் திரும்புற மோட்டார் டெலஸ்கோப்பு வரும், பக்கத்துல படம் காட்ட ஒரு டிவி. நீ கார் நிறுத்த எடம் காட்டு."

"கார் நிறுத்தவும் கண்ணு வேணுமே."

"சிரிப்புக் காட்டாத. நெசமாத்தான் சொல்றேன்."

[தமிழில் எழுதும்போது சனி ஒரு தொல்லை. நாம் அதன் பார்வை நம்மேல் படாமல் இருக்க எள் விளக்கு ஏற்றுகிறோம். இவர்கள் அதைப் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள். இந்தக் குறிப்பால் கதைக்கு ஒரு பயனும் இல்லை. விட்டுவைக்கிறேன்.]

3

சனிக்கு வலப்புறம் சற்றுத் தள்ளி ஃபோமல்ஹாட் என்று ஒரு நட்சத்திரம். அந்தப் பருவத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசம். மெர்வின் நட்சத்திரத்தைப் பிடித்துவிட்டார். ஃபோகஸையும் தன் கண்ணுக்கு ஏற்றபடி திருகிவைத்தார். ஃபோகஸ் கலைந்தால் அந்தப் பெரிய தொலைநோக்கியில் நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாது. நடுவில் ஓட்டையோடு தெரியும், உளுந்து வடை மாதிரி. வளையம் பார்க்க வந்தவர்களுக்கு வளையம் கிடைத்தது.

எனக்கு முன்னால் கறிக்கடை டாரில்.

"வளையம் சூப்பர், மெர்வ். ஆனா நடுவுல உருண்டையக் காணோமே?"

"பின்னாடி போயிருக்கும். எறங்குய்யா."

"பின்னாடி எங்க, டாய்லெட்டுக்கா?"

வரிசை சிரித்தது. நான் ஏறினேன். வடையைப் பார்த்தேன். இறங்கி அவர் காதில் சொன்னேன்.

"மெர்வ், இது சனி இல்ல. ஃபோமல்ஹாட். ஃபோகஸும் இல்ல."

அவர் வரிசையின் பக்கம் திரும்பினார். எனக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக கிளெனிஸ் நின்றார்.

"அவளுக்குக் கேட்டுதா?"

"இல்ல."

"இப்பத் திருப்பிட்டா யாருக்கும் தெரியாது?"

"தெரியாது."

(ஒரு வரைவில் நாங்கள் சத்தமில்லாமல் திருப்பிவிடுகிறோம். கிளெனிஸ் பார்த்துப் பாராட்டுகிறார். கதை வழுக்கிக்கொண்டு முடிகிறது. படித்துப் பார்த்தேன். எங்கள் இருவரையும் எனக்குப் பிடிக்கவில்லை.)

நடந்தது இது. "நீ திருப்பு," என்றார் மெர்வின். நான் சனியைப் பிடித்து ஃபோகஸைத் திருகினேன். சின்ன உருண்டை, அதைச் சுற்றி ஊசிக்கோடாக வளையம். அவர் குனிந்து பார்த்தார். அவருக்கு என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. நிமிர்ந்து, பஸ்ஸில் பேசும் குரலில் சொன்னார்:

"எல்லாரும் திரும்ப ஏறுங்க. தப்பான ஸ்டாப்புல எறக்கி விட்டுட்டேன்."

டாரில் அடுப்புப் பக்கமிருந்து கத்தினார். "நான் பாத்த வளையத்த நான் திருப்பித் தரமாட்டேன்."

"பஸ்லயும் இதே லட்சணம்தான்," என்றார் நொலீன். "போய் வரிசையில நில்லு, டாரில்."

கையில் ரொட்டியோடு எல்லோரும் திரும்பி வந்தார்கள். யாருக்கும் கோபமில்லை. அதைக் கோபமாக மாற்றினால் கதை சூடுபிடிக்கும். மாற்றவில்லை.

4

கிளெனிஸ் வெகுநேரம் பார்த்துவிட்டு இறங்கினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சொன்னது சொன்னதுதான், மெர்வ்."

"தெரியும்."

"நீயே முடிவு பண்ணா எப்படி?" என்றார் டாரில். "ரெண்டு தடவ நின்னது நாங்க."

கிளெனிஸ் பெருமூச்சு விட்டார். "சரி. மெர்வ் ஏணியில இருக்கட்டும்னு நெனைக்கிறவங்க கையத் தூக்குங்க."

சட்டைகள் உரசும் சத்தம் கேட்டது. எத்தனை கை என்று மட்டும் தெரியவில்லை. திடலில் மங்கலான சிவப்பு விளக்குதான் அனுமதி. வெள்ளை ஒளி பட்டால், இருட்டுக்குப் பழகிய கண் மறுபடி பழக அரை மணி நேரம் ஆகும்.

"யாராச்சும் லைட்டப் போடுங்களேன்," என்றது ஒரு குரல்.

"போடாதீங்க," என்றார் மெர்வின். "எல்லாருக்கும் என் கண்ணு மாதிரி ஆயிடும்."

முடிவை எழுதினேன்: "பெரும்பாலான கைகள்—"

அடித்தேன். நான் பார்க்கவில்லை. என் கை மேலே இருந்தது, அது உறுதி. டாரிலின் முழங்கை என் காதில் இடித்தது. அவர் கை தூக்கினாரா, ரொட்டியைக் கடித்தாரா, தெரியாது.

கிளெனிஸ் வரிசையின் முனைக்குப் போய், ஒவ்வொருவர் தோளையும் தடவி, கை மேலே போகிறதா என்று பார்த்து எண்ண ஆரம்பித்தார். என்னைத் தொட்டு எண்ணிவிட்டு நகர்ந்தார். எனக்கு அடுத்து நிற்பது நீங்கள்.

உங்கள் கை எங்கே இருக்கிறது?