இரண்டு விளையாட்டிலும் இல்லாத சாலை

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த வீட்டில் கார் சண்டை கிளம்பிவிடும். கீழே உறை போர்த்தி நிற்கிற வெள்ளைக் காருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. திரையில் ஓடுகிற கார்களுக்காகத்தான் அவளுடைய கணவரும் தம்பியும் மல்லுக்கட்டுவார்கள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். துணி காயப்போடும் சின்ன அறையில் இரும்புச் சட்டம் அடித்து, அதில் எங்கோ உடைத்த காரின் சீட்டைப் பொருத்தி, ஸ்டியரிங்கும் மூன்று பெடலும் மாட்டி வைத்திருந்தார். அவர் ஆடுவது நிஜ வண்டி மாதிரியே நடந்துகொள்ளும் சிமுலேட்டர். டயர் சூடேறுவதற்கு முன்னால் வளைவில் வேகமாகத் திருப்பினால் வண்டி பம்பரம் மாதிரி சுழலும். சுவரில் இடித்தால் அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான். அவள் தம்பிக்கு அதெல்லாம் ஆகாது. வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது அவன் தொழில். விளையாட்டிலும் அதே புத்தி. காருக்கு நிறம் மாற்றுவான், பின்னால் இறக்கை வைப்பான், அடியில் ஊதா விளக்குப் போடுவான். ஓட்டுவது எல்லாம் அதற்கப்புறம்.

"உங்க கேம்ல வேர்வைதான் மாமா மிச்சம். ஆசைப்பட்டு ஒரு கோடு இழுக்க முடியுதா?"

"கோடு இழுத்தா கார் வேகமா போகுமா மாப்ள? உன் கேம்ல பஸ் மேல ஏறி இறங்கினாக்கூட வண்டி சும்மா ஜம்முனு போகுது. அதுக்குப் பேரு காரா?"

இருவரும் அவளைத்தான் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவார்கள். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள். எந்தப் பக்கமும் சாயமாட்டாள். ஆனால் இரண்டையும் ஆடிப் பார்த்திருந்தாள். கணவர் அந்த சீட்டில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்த நாளெல்லாம் வண்டி சுழன்று சுழன்று, கார் என்பது எப்போது காலை வாரலாம் என்று காத்திருக்கிற ஜந்து என்ற நினைப்பு அவள் மனதில் ஊறிவிட்டது. தம்பியின் விளையாட்டில் பச்சைக் கார் ஒன்றை எடுத்து விளக்குக் கம்பங்களை வரிசையாகச் சாய்த்தபோது வயிறு வலிக்கச் சிரித்தாள். எதிலும் தைரியம் வரவில்லை. டிரைவிங் வகுப்புக்குப் போய் எப்படியோ லைசென்சும் வாங்கினாள். அது கைப்பையின் உள் ஜிப்பிலேயே கிடந்தது. தனியாக ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை.

அந்த ஞாயிறு தம்பி ஊரில் இல்லை. பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு ஸ்டிக்கர் ஒட்ட வெளியூர் போயிருந்தான். கணவர் காலையிலேயே பந்தயத்தில் உட்கார்ந்துவிட்டார். ஜன்னல் திறந்திருந்தது. குளவி எப்போது உள்ளே வந்தது என்று தெரியாது. ஹெட்போனுக்கும் கழுத்துக்கும் நடுவில் புகுந்து கொட்டிவிட்டது.

அவர் "ஸ்ஸ்" என்றார். கையை மட்டும் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

"என்னாச்சுங்க?"

"குளவி. ஒண்ணுமில்ல, இந்தச் சுத்து முடியட்டும்."

போன வருஷம் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் குளவி கொட்டி அவர் உடம்பெல்லாம் தடித்துப்போயிருந்தது. இன்னொரு தடவை கொட்டினால் விளையாட்டாக இருக்காதீர்கள், ஓடி வாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் மெயின் சுவிட்சை அணைத்தாள். திரை இருண்டது. திரும்பிப் பார்த்த அவர் முகத்தில் ஒரு கண் பாதி மூடியிருந்தது. உதடு தடித்துத் தொங்கியது.

"தொண்டை... இறுக்குது," என்றார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். வண்டிகள் எல்லாம் வெளியே போயிருக்கின்றன, வர நேரமாகும், கையில் வண்டி இருந்தால் காத்திருக்காமல் கிளம்புங்கள் என்றார்கள். பக்கத்து வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரரும் இல்லை. அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கும்போது தம்பியை அழைத்தாள்.

"அக்கா, நான் இங்கேர்ந்து பறந்து வந்தாலும் ஆகாது. நீதான் ஓட்டணும்," என்றான். வேறு எதுவும் சொல்லத் தெரியாமல், "ஓட்டு அக்கா, ஓட்டு அக்கா," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காரின் உறையை இழுத்துக் கழற்றித் தரையில் போட்டாள். அவரை முன்சீட்டில் தள்ளி, பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டுச் சுற்றி ஓடி வந்து உட்கார்ந்தாள். வாசல் மேட்டில் எஞ்சின் நின்றுபோனது. மறுபடியும் நின்றது. எப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து கிளட்ச், கியர், கண்ணாடியைப் பார் என்று பாடம் நடத்துகிற மனிதர் இப்போது மூச்சுக்காக வாயைத் திறந்து திறந்து மூடினார். அந்தச் சத்தம், நிரம்பாத குழாயில் தண்ணீர் ஏற முயல்வது போலிருந்தது. அதைக் கேட்கவும் பயமாக இருந்தது. நின்றுவிடுமோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.

மூன்றாம் முறை வண்டி மேடேறிச் சாலைக்கு வந்தது.

கணவரின் பந்தயப் பாதையில் எதிரே யாரும் வரமாட்டார்கள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடுவே நின்று போன் பேசுகிறவர் இருக்கமாட்டார். தம்பியின் நகரத்தில் மனிதர்கள் உண்டு, ஆனால் கார் நெருங்கினால் தாமாகத் துள்ளி ஒதுங்குவார்கள். இங்கே ஒருவரும் ஒதுங்கவில்லை. அவள் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பேருந்து ஒன்று வலப்பக்கம் உரசுகிற மாதிரி வந்து முன்னால் வெட்டியது. பிரேக்கை மிதித்ததில் கணவரின் தலை முன்னால் போய்த் திரும்பி வந்தது. மிதித்தது பிரேக்தானா என்று அடுத்த நொடிதான் அவளுக்கே நிச்சயமானது.

"என்னங்க, என்னைப் பாருங்க. கேக்குதா?"

அவர் கையை லேசாகத் தூக்கினார். கை மடியில் விழுந்தது.

மருத்துவமனைக்குப் போகும் குறுக்குத் தெருவில் ஒரு பக்கம் முழுக்க மரச்சாமான் கடைகள். வேன் ஒன்றிலிருந்து நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த இடம் போதுமா போதாதா என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. கண்ணை மூடவில்லை, ஆனால் மூடியது மாதிரிதான் நுழைந்தாள். 'டப்' என்று ஒரு சத்தம். எலும்பில் பட்ட மாதிரி. யாரோ அலறினார்கள். ஓர் ஆள் கையை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். யாரையோ இடித்துவிட்டேன் என்று அவளுக்குத் தோன்றியது. நிறுத்த வேண்டும் என்று கால் சொன்னது. பக்கத்தில் மூச்சுச் சத்தம் மெலிந்துகொண்டே போனது. அவள் நிறுத்தவில்லை.

அவசரப் பிரிவு வாசலில் வண்டி தானாகவே குலுங்கி நின்றது. தள்ளுகட்டிலோடு ஓடி வந்தவர்கள் அவரை அள்ளிக்கொண்டு போனார்கள். தொடையில் ஊசி போட்டார்கள், முகத்தில் ஆக்ஸிஜன் மாட்டினார்கள். அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். வெகுநேரம் போன மாதிரி இருந்தது. பிறகு நர்ஸம்மா வெளியே வந்து, "மூச்சு சீராயிடுச்சும்மா. இன்னும் லேட்டாகியிருந்தா கஷ்டம். இன்னைக்கு ராத்திரி இங்கயே இருக்கட்டும்," என்றார்.

உள்ளே அவர் வீங்கிய கண்ணால் அவளைப் பார்த்து, "கியர் எதுல வச்சு வந்த?" என்று முனகினார்.

"ஞாபகம் இல்ல. பேசாம படுங்க."

இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துப் பேசியபோது தம்பி அழுதுவிட்டான். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்கா, எந்த கேம் கை கொடுத்துச்சு? மாமாவோடதா, என்னோடதா?" என்றான்.

"ரெண்டும் இல்லடா. எனக்கு உசுரே இல்ல. நான் யாரையோ இடிச்சுட்டு வந்திருக்கேன்."

சொன்ன பிறகுதான் அது நிஜமானது போல இருந்தது. கணவர் கண்ணயர்ந்ததும் நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். காரின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்து ஒயரில் தொங்கியது. அதில் ரத்தம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இல்லை. அதனால் மனம் ஆறவில்லை. நடந்து போகலாம் என்று கிளம்பியவளைக் காவலாளி மறித்து, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற வண்டியை முதலில் எடுக்கச் சொன்னார். எடுத்தாள். எறும்பு ஊர்வது போல ஓட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்கே திரும்பினாள். கூட்டம் கூடியிருக்கும், போலீஸ் நிற்கும் என்று ஒவ்வொரு கடையாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கூட்டம் இல்லை. வேன் அங்கேயே நின்றது. பின்னால் ஓடி வந்த ஆள் கடை வாசலில் நாற்காலிகளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"அண்ணே, யாருக்காவது அடிபட்டுச்சா?" அவர் காதில் விழவில்லை. இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது.

"யாருக்கும்மா? வேன் கண்ணாடி மடங்கிடுச்சு, நிமித்தி விட்டாச்சு. அந்த ஐயா எப்படி இருக்கார்?"

"பிழைச்சுட்டார். நீங்க ஏன் அப்படிக் கத்திட்டு ஓடி வந்தீங்க?"

"அந்தப் பக்கக் கதவு சரியா சாத்தலையேம்மா. திறந்து திறந்து ஆடுது. ஐயா அதுலதான் சாஞ்சிருந்தார். விழுந்துடுவாரோன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு."

வழி முழுக்க, பேருந்து வெட்டியபோதும், வளைவுகளிலும், அவர் ஒரு பெல்ட்டின் பிடியில் மட்டும் இருந்திருக்கிறார். பாதி பிரித்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாதி புடவையில் கொட்டியது.

"அண்ணே, வண்டியைக் கொஞ்சம் திருப்பி நிறுத்தித் தர்றீங்களா? என்னால முடியல."

"எனக்கு ஓட்டத் தெரியாதேம்மா," என்றார் அவர் சங்கடத்தோடு. "வேன் டிரைவரும் சாப்பிடப் போயிட்டார். வேணும்னா பின்னாடி நின்னு கை காட்டுறேன்."

அவள் எழுந்தாள். முதலில் நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து சாத்தினாள், இழுத்துப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டாள். கடைக்காரர் தெரு நடுவில் நின்று, "வா... வா... இன்னும் வா..." என்று கையை அசைத்தார். அவள் உள் கண்ணாடியில் அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டு கிளட்ச்சை மெல்ல விட்டாள்.