ரெண்டும் சார்புதான்

"ரெண்டும் சார்புதானேம்மா, ஒரே குடும்பம்!" என்றார் தேனி எசன்ஸ் கடைக்காரர் சுந்தரலிங்கம்.

"பேரு ஒத்துப்போனா சொந்தமாயிருமா அண்ணாச்சி?" சண்முகத்தாய் கொதித்தாள். அவள் கேட்டது சார்பேட், ஜூஸைக் கெடாமல் காக்கும் உப்பு. அவர் பொட்டலம் கட்டியதோ சார்பிட்டால், வெறும் இனிப்புத் தூள். அதைக் கலந்து அவளுடைய அனுமந்தன்பட்டி மகளிர் குழு போட்ட திராட்சை ஜூஸ் மொத்தமும் புளித்துப் பொங்கி, பாட்டில் மூடிகள் தெறித்துவிட்டன.

"இனிப்பு தூக்கலா இருந்திருக்குமே!" அவர் சிரித்தார்.

"சிரிக்காதீக! நான் பாட்டிலை ஒழுங்காக் கழுவலைன்னு குழுவுல இருந்தே என்னைய நீக்கப்போறாக. நான் சொன்னா யாரும் நம்பமாட்டேங்கிறாக. கடையைச் சாத்திட்டு எங்கூட வாங்க. மாத்திக் கொடுத்தது நாந்தான்னு உங்க வாயாலயே அவுககிட்டச் சொல்லுங்க அண்ணாச்சி."